பவுன்தாய் போதும்னு சொல்லிட்டா

உக்காருங்க சார். எந்திரிக்க வேணாம். மாற்றுத்திறனாளி பெட்டின்னு வெளிய அவ்வளவு பெரிசா எழுதிப் போட்டிருக்கான், அதைப் படிச்சுட்டுத்தான ஏறுனீங்க? ஏறுனது ஏறிட்டீங்க. டிடிஆர் வந்தா என் கூடத் துணைக்கு வந்தவருன்னு சொல்லிக்கிறேன். இந்தச் சக்கர நாற்காலியப் பாத்தா எந்த டிடிஆரும் ரெண்டாவது கேள்வி கேக்க மாட்டான். மொகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயிருவான். ஆறு வருசத்துல எனக்குக் கெடச்ச ஒரே வசதி அதுதான்.

கேளுங்க, கேளுங்க. வாய் வரைக்கும் வந்துருச்சு. எப்பிடி ஆச்சுன்னுதான?

பேரு மொக்கராசு. சிரிக்கலாம், தப்பில்ல. எங்க உசிலம்பட்டிப் பக்கம் தெருவுக்கு நாலு மொக்கராசு இருக்கான். சீரியல் செட் வேலை பாத்தேன். திருவிழாவுல மூங்கில் கட்டி, கலர் பல்புலயே அம்மன் நிக்கிற மாதிரி, மயில் தோகை விரிக்கிற மாதிரிப் போடுவோம்ல, அது. ஒரு பங்குனிப் பொங்கல் திருவிழாவுல அம்மன் கிரீடத்துல ஒரு சுத்து எரியல. நாப்பது அடி. ஏறுனேன், கரண்ட் அடிச்சுது, விழுந்தேன். அவ்வளவுதான். நெஞ்சுக்கு நேரா முதுகெலும்பு முறிஞ்சு உள்ள இருக்க தண்டுவடம் நசுங்கிப் போச்சு. நெஞ்சுக்குக் கீழ ஊசி குத்துனாலும் தெரியாது, தீ பட்டாலும் தெரியாது. அப்ப வயசு முப்பத்தொண்ணு. கல்யாணமாகி ரெண்டு வருசம்.

இதைச் சொன்னதும் எல்லாரும் உச்சுக் கொட்டுவாய்ங்க. நீங்களும் கொட்டிட்டீங்க. அப்புறம் காலைப் பாப்பாய்ங்க. அப்புறம் காலுக்குக் கொஞ்சம் மேல பாத்துட்டு, டக்குன்னு ஜன்னலைப் பாப்பாய்ங்க. இப்ப நீங்க பாத்தீங்கள்ல, அதே மாதிரி. எல்லாப் பயலுக்கும் அங்கதான் கேள்வி. ஆனா ஒரு பய வாயத் தொறந்து கேட்டதில்ல.

நானே ஒருத்தர்கிட்டக் கேட்டேன். முதல்ல சேத்த ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரு. பவுன்தாய் டீ வாங்கப் போயிருந்த நேரமாப் பாத்துக் கேட்டேன். பவுன்தாய் என் வீட்டுக்காரி, எங்க அத்தை மக.

“சார், மத்த விசயமெல்லாம் எப்பிடி சார்?”

“எந்த விசயம்?”

“அதான் சார், புருசன் பொண்டாட்டி...”

அந்த ஆளு கேஸ் சீட்டுல இருந்து தலையத் தூக்கல. “உயிரோட இருக்கியே, அதுக்குச் சந்தோசப்படுப்பா. இந்த நெலமையிலயும் அந்த நெனப்பா உனக்கு?”ங்கிறாரு. பின்னாடி நின்ன ரெண்டு பயிற்சி டாக்டர் பயலுக சிரிப்பை அடக்குறாய்ங்க. அத்தனை வருசம் படிச்ச ஆளு சார். நெஞ்சுக்குக் கீழ நரம்பு போனா நெனப்புமா போயிரும்? நெனப்பு என்ன தொடையிலயா இருக்கு?

வீட்டுக்குக் கொண்டாந்தாய்ங்க. கட்டிலைத் தூக்கி முன் ரூம்ல போட்டாய்ங்க. எதுக்கு? வர்றவுக போறவுக பாக்க வசதியா. நானும் அவளும் இருந்த உள் ரூம்ல எங்கண்ணன் உர மூட்டைய அடுக்கிட்டான். யூரியாவும் பொட்டாசும். அவ அடுப்படியில படுத்துக்கிட்டா. ஒருத்தனும் ‘ஏம்பா, இது புருசன் பொண்டாட்டி ரூமாச்சே’ன்னு கேக்கல. நானும் கேக்கல. எந்த மொகத்தை வெச்சுக்கிட்டுக் கேக்குறது?

ஆரஞ்சு வந்துச்சு, ஹார்லிக்ஸ் வந்துச்சு. டிசம்பர்ல மாற்றுத்திறனாளி தினம்னு ஒரு சங்கத்துக்காரய்ங்க வந்து சால்வை போத்தி, ‘கடவுளின் குழந்தை’ன்னு மைக்ல பேசிட்டுப் போட்டோ புடிச்சுட்டுப் போனாய்ங்க. முப்பத்திரெண்டு வயசு ஆம்பளை சார் நான். மீசையும் தாடியுமாப் படுத்திருக்கேன், குழந்தைங்கிறான். குழந்தைக்கு எதுக்குப் பொண்டாட்டி? அதான் அவய்ங்க கணக்கு.

இந்தா, திண்டுக்கல் வந்துருச்சு பாருங்க. இந்த ஊர்ல ஒரு லாட்ஜு இருக்கு. அங்க மாசத்துக்கு ரெண்டு நாள் ஒரு வைத்தியன் வருவான். நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக் குறைவு, ரகசிய ஆலோசனைன்னு சொவருக்குச் சொவரு ஒட்டியிருப்பான். பவுன்தாயோட அண்ணன் காசிமாயன், என் மச்சான், அவன்தான் ஆட்டோ வெச்சுக் கூட்டிட்டு வந்தான். வழி நெடுக என் தொடையத் தட்டித் தட்டி ‘எல்லாம் சரியாயிரும் மாப்ள’ங்கிறான். தட்டுறது எனக்குத் தெரியாதுங்கிறது அவனுக்குத் தெரியல.

அந்த வைத்தியன் என் நாடியப் புடிச்சுட்டு, கல்யாணத்துக்கு முன்னாடி செஞ்ச தப்பாலதான் இப்பிடின்னான். நாப்பது அடியில இருந்து விழுந்தேன்யான்னு சொல்றேன், அது வேற இது வேறங்கிறான். லேகியம் குடுத்தான். அடிவயித்துல ஒத்தடம் வெக்கச் சொல்லி மணல் குடுத்தான். நல்லாச் சூடு இருக்கணும், அப்பத்தான் நரம்பு முழிக்கும்னான். வீட்டுக்கு வந்து, பவுன்தாய் தண்ணிக்குப் போன நேரத்துல காசிமாயன் மணலை வறுத்து மூட்டையாக் கட்டி வெச்சான். எனக்குத் தெரியல. ஒண்ணுமே தெரியல. தெரியலைங்கவும் ‘இன்னும் கொஞ்சம் சூடா வைய்யா’ன்னு நானே சொன்னேன். அவ வந்து போர்வையத் தூக்குறா, தோலு மணல் மூட்டையோட ஒட்டிக்கிட்டு வருது.

நாலு மாசம் ஆச்சு அந்தப் புண்ணு ஆற. தெனம் அவதான் கழுவிக் கட்டுனா. என்ன நெனச்சிருப்பா? இவனுக்கு இந்த நெலமையில இந்த ஆசை வேறயான்னு நெனச்சிருப்பா. வேற என்ன?

அப்பத்தான் சார் நான் ஒரு பெரிய காரியம் பண்ணேன். எங்க ஊர்ல வேற எவனும் பண்ண மாட்டான். காசிமாயனக் கூப்புட்டு, எங்கம்மா, அண்ணன் எல்லாத்தையும் வெச்சுக்கிட்டு, ‘உன் தங்கச்சியக் கூட்டிட்டுப் போயிரு. அவளுக்கு இருவத்தாறு வயசு. நல்ல இடமாப் பாத்துக் கட்டிக்குடு’ன்னு சொல்லிட்டேன். மனசைக் கல்லாக்கிக்கிட்டுச் சொன்னேன். எங்கம்மா அழுகுது. அண்ணன் என்னைச் சாமியப் பாக்குற மாதிரிப் பாக்குறான்.

பவுன்தாய் அடுப்படி வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தா. கையில கழுவுன தட்டு. அதுல இருந்து தண்ணி சொட்டுது. “முடிவு பண்ணிட்டியா மாமா?”ன்னா. பண்ணிட்டேன்னேன். “எல்லாருகிட்டயும் பேசிட்டியா?” பேசிட்டேன்னேன். “சரி”ன்னா. தட்டைக் கவுத்தி வெச்சா. பையை எடுத்தா. போயிட்டா.

பாத்தீங்களா? ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. ஒரு மனுசன் தன் வாழ்க்கையவே தூக்கிக் குடுக்குறான், ‘மாமா நீ தெய்வம்’னு ஒரு வார்த்தை வேணாமா? இருப்பான்னு நெனச்சேன் சார். போகச் சொன்னவன் நான்தான், ஆனா இருப்பான்னு நெனச்சேன். பொம்பளை மனசு அவ்வளவுதான்னு அண்ணன்கிட்டச் சொன்னேன். அவனும் ஆமான்னான். அதுக்கப்புறம் அண்ணன் பொண்டாட்டி என் புண்ணுத் துணியத் தொட மூக்கைப் பொத்திக்கிட்டு வந்துச்சு.

நாலு மாசம் கழிச்சு, ஒரு காலையில வாசல்ல வேன் வந்து நிக்குது. உள்ள இருந்து பவுன்தாய் எறங்குறா. கையில ஒரு பேப்பரு. போன எடத்துல மில்லு வேலைக்குப் போயிருக்கா. கூட வேலை பாக்குற பொண்ணோட தம்பிக்கும் என்னை மாதிரியே அடியாம். விழுப்புரம் தாண்டி ஒரு மறுவாழ்வு ஆஸ்பத்திரியில பழகிக்கிட்டு, இப்ப அவனே வண்டி ஓட்டுறானாம். இவ லீவு போட்டுட்டு அங்க போயி, டாக்டரைப் பாத்து, எனக்கு எடம் வாங்கிட்டு வந்திருக்கா. ‘எந்திரி, போவோம்’ங்கிறா. எந்திரியாம். நக்கலப் பாருங்க.

என்னையக் கேக்கவே இல்ல சார். அவளா முடிவு பண்ணி, அவளா வேனைக் கொண்டாந்து நிறுத்தி... ஒரு மனுசனக் கேக்காம அவன் வாழ்க்கைய முடிவு பண்ணலாமா? எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். ஆனா அண்ணன் பொண்டாட்டி என் துணியையெல்லாம் அதுக்குள்ள மடிச்சுக் குடுத்துருச்சு.

அங்க ஆறு மாசம் இருந்தேன். படுக்கைப் புண்ணு வராமப் பொரண்டு படுக்குறது, நாற்காலிக்கு மாறுறது, நாமளே டியூப் போட்டு ஒண்ணுக்கு எடுக்குறது, எல்லாம் சொல்லிக் குடுத்தாய்ங்க. அது சரி. ஆனா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஒரு வகுப்பு. என்ன வகுப்புன்னு நெனைக்கிறீங்க? அந்த வகுப்புதான். நீங்க ஜன்னலைப் பாத்தீங்கள்ல, அந்த விசயம்.

டாக்டர் எஸ்தர்னு ஒரு அம்மா. அம்பது வயசிருக்கும். மூக்குக் கண்ணாடியும் காட்டன் சேலையுமா, கோயில்ல பாட்டுப் பாடுற அம்மா மாதிரி இருக்கும். அது பாட்டுக்கு ‘விறைப்பு’ங்குது, ‘விந்து’ங்குது, வெண்டைக்கா கத்திரிக்கான்னு சொல்ற மாதிரி. பதினேழு ஆம்பளைங்க நாற்காலியில உக்காந்து தரையப் பாக்குறோம். தண்டுவடம் எந்த எடத்துல அடிபட்டிருக்கோ அதைப் பொறுத்து ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரியாம். சிலருக்குத் தொட்டா எழும்பும், நெனச்சா எழும்பாது. சிலருக்கு மாத்திரை கேக்கும், சிலருக்கு ஊசி. எதுவா இருந்தாலும் டாக்டரைக் கேக்காமத் தொடக்கூடாது. உணர்ச்சி இல்லாத எடத்துல சூடு வெக்கவே கூடாதுன்னுச்சு. அதைச் சொல்லும்போது என் பக்கம் பாத்த மாதிரி இருந்துச்சு. குழந்தைக்கும் வழி இருக்காம். ‘இது முடிஞ்சுபோற விசயம் இல்ல, மாறிப்போற விசயம்’னுச்சு.

சுந்தரலிங்கம்னு ஒரு ஹெட்மாஸ்டரு. அம்பத்தெட்டு வயசு. லாரி மோதி அடிபட்டவரு. அந்த ஆளு நோட்டுப் போட்டு எழுதிக்கிட்டு இருந்தாரு சார்! கையத் தூக்கி, “மேடம், ஒண்ணுக்குப் பை மாட்டியிருக்கும்போது என்ன செய்யணும்?”னு கேக்குறாரு. மீசை நரைச்ச மனுசன். நான் சிரிச்சேன். வேற யாரும் சிரிக்கல. பக்கத்துல இருந்தவன் “ஏய், பதிலைக் கேக்க விடுப்பா”ங்கிறான்.

அந்தம்மா என்னையத் தனியாக் கூப்புட்டுச்சு. சாகணும்னு தோணியிருக்கான்னு கேட்டுச்சு. தெனம் தோணும், அதுக்கும் யாராவது என்னைத் தூக்கிவிடணும்ல, அதான் சும்மா இருக்கேன்னேன். அது சிரிக்கல. பேசுறதுக்கு ஒரு ஆளையும், சோகத்துக்கு ஒரு மாத்திரையும் எழுதுச்சு. சோகத்துக்கு மாத்திரை! கேட்டிருக்கீங்களா சார்? விழுந்தவன் சோகமா இல்லாம ஜாலியாவா இருப்பான்? எதுக்கும் இருக்கட்டும்னு முழுங்குனேன். ஒரு மாசத்துல சோறு ருசியா இருந்துச்சு, தூக்கம் வந்துச்சு. அங்க சமையக்காரன மாத்தியிருப்பாய்ங்க.

அப்புறம் அந்தம்மா கேட்ட கேள்வி இருக்கே. “பவுன்தாய்க்கு என்ன வேணும்னு நெனைக்கிறீங்க?”

“ஒரு பொம்பளைக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா மேடம்?”னேன்.

“கேட்டீங்களா?”ன்னுச்சு.

கேக்குறதாம். கட்டுன பொண்டாட்டிகிட்டப் போயி ‘உனக்கு என்ன வேணும்’னு. ஓட்டல் சர்வரா நானு?

வீட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி, புருசன் பொண்டாட்டிக்குன்னு அங்க ஒரு சின்ன வீடு குடுப்பாய்ங்க. ஒரு வாரம் தனியா இருந்து பழகணும். ஞாயித்துக்கிழமை மத்தியானம். பஞ்சும் பேனாவும் குடுத்து, எதுவரைக்கும் உணர்ச்சி இருக்குன்னு ரெண்டு பேருமாக் கண்டுபிடிங்கன்னு சொல்லியிருந்துச்சு அந்தம்மா. பவுன்தாய் பஞ்சை எடுத்து என் நெஞ்சுல தடவுறா. “தெரியுதா?” தெரியல. “இங்க?” தெரியல. “இங்க?” தெரியுது. நீலப் பேனாவால அங்கங்க புள்ளி வெச்சு, கோலம் போடுறவ மாதிரி நாக்கைக் கடிச்சுக்கிட்டு, நெஞ்சுக்குக் குறுக்க ஒரு கோடு இழுத்தா. “இதுக்குக் கீழ ஊரு காலி. மேல எல்லாரும் இருக்காங்க”ன்னா. அப்புறம் கோட்டுக்கு மேல ஒவ்வொரு எடமாப் போனா. தோளு. கழுத்து. காதுக்குப் பின்னால. காதுக்குப் பின்னால அவ வெரல் பட்டதும் எனக்கு... என்ன சொல்றது, பல்பு மாலையில ஒரே சமயத்துல அத்தனையும் எரிஞ்ச மாதிரி. விழுகுறதுக்கு முன்னாடி அந்த எடத்துல அப்பிடி ஒண்ணு இருந்ததே எனக்குத் தெரியாது. கண்ணுல தண்ணி வந்துச்சு. அந்த வாரம் எனக்குச் சளி புடிச்சிருந்துச்சு.

நல்லாப் போயிக்கிட்டு இருக்கும்போது ஒண்ணுக்குக் கசிஞ்சு மெத்தையெல்லாம் ஈரம். ‘பாத்தியா! இதுக்குத்தான் சொன்னேன், போயி வேற எவனையாவது கட்டிக்கன்னு!’ன்னு கத்துனேன். அவ சிரிக்கிறா சார். துண்டை எடுத்துப் போட்டுக்கிட்டே சிரிக்கிறா.

“விழுகுறதுக்கு முன்னாடி மட்டும் என்ன மாமா? பங்குனியில திருவிழா வேலைக்குப் போனா ஆவணியிலதான் வருவ. வந்தாலும் லைட்ட அமத்துன கையோட எல்லாத்தையும் முடிச்சுட்டுச் சொவத்தைப் பாத்துப் படுத்துக்குவ. இன்னைக்குத்தான் ரெண்டு மணி நேரம் என் மொகத்தைப் பாத்துக்கிட்டு இருந்திருக்க.”

இதை ஒரு ஆம்பளைகிட்டச் சொல்லலாமா? நீங்களே சொல்லுங்க. அந்த ரெண்டு வருசத்தை நெனச்சு நெனச்சுத்தான் நான் ஏங்கிக்கிட்டுக் கெடந்தேன். அதுக்குப் போயி இப்பிடி மார்க் போடுறா. மூணு நாள் அவகூடப் பேசல. நாலாம் நாள் காதுக்குப் பின்னால அரிச்சுது, அதுனால பேசுனேன்.

ஊருக்கு வந்த அன்னைக்கே உர மூட்டையெல்லாம் தர தரன்னு இழுத்து வாசல்ல போட்டா. அண்ணன் என்னாத்தா இதுன்னான். “இது எங்க ரூமு”ன்னா. அவ்வளவுதான். அன்னையில இருந்து உள் ரூம்லதான் இருக்கோம். நல்லாத்தான் இருக்கோம். பொய் சொல்லல, நல்லாத்தான் இருந்தோம்.

இப்ப விசயத்துக்கு வாரேன். குழந்தைக்கு முயற்சி பண்ணோம். அந்த ஆஸ்பத்திரியிலதான். அதிர்வு குடுக்குற ஒரு மிசினு இருக்கு, அதை வெச்சு விந்து எடுப்பாய்ங்க. என்னை மாதிரி நெஞ்சு மட்டத்துல அடிபட்டவனுக்கு அந்த நேரத்துல பிரஷர் ஏறுமாம், அதுனால மாத்திரை குடுத்து, பக்கத்துலயே நர்சு நிக்கும். முதல் தடவை ஒண்ணும் வரல. ரெண்டாவது தடவையும் வரல, லேசாத் தலைவலி. மூணாவது தடவை கொஞ்சம் தலைவலி ஜாஸ்தி. மொகம் செவந்து வேர்த்துக் கொட்டுச்சு, கண்ணு ஒரு நிமிசம் இருட்டிருச்சு. பிரஷர் இருநூத்திப் பத்துன்னு நர்சு கத்துனது கேட்டுச்சு. பவுன்தாய்தான் என்னைய நிமித்தி உக்கார வெச்சுப் புடிச்சுக்கிட்டா. பத்து நிமிசத்துல சரியாப் போச்சு. ஒண்ணுமில்ல. நான் நல்லா உக்காந்து டீ குடிக்கிறேன், இவ வராண்டாவுல வாந்தி எடுத்துக்கிட்டு இருக்கா. வெயிலு.

வெளிய வந்ததும் சொல்றா, “போதும் மாமா. குழந்தை வேணாம்.”

போதுமாம்! புரியுதா சார்? மூணு தடவை பாத்தாச்சு, இவன்கிட்ட ஒண்ணும் இல்லைன்னு முடிவு பண்ணிட்டா. அதை நேராச் சொல்ல வாய் வரல. ரெண்டு மாசமாச் சரியாத் தூங்குறதில்ல, மொகமெல்லாம் வீங்கிக் கெடக்கு. கேட்டா ஒண்ணுமில்லங்கிறா. எனக்குத் தெரியாதா? குழந்தை ஏக்கம்.

அதான் கெளம்பிட்டேன். நாலாவது தடவை பாத்துருவோம். டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணேன். மயக்க மருந்து குடுத்துச் செய்யிற வேற வழி இருக்கு, ஆனா ரெண்டு பேரும் வந்து பேசுங்கன்னுச்சு. ரெண்டு பேரும் எதுக்கு? ஒடம்பு என்னுது. இவகிட்ட மதுரையில நாற்காலிக்கு டயர் மாத்தப் போறேன்னு சொல்லிட்டு ரயிலேறிட்டேன். போயி, முடிச்சுட்டு, நல்ல சேதியோட வந்து நிப்பேன். அப்பத் தெரியும் மொக்கராசு யாருன்னு.

இருங்க, போனு. அவதான்.

ம்... ரயில்ல... ஆமா, ரயில்லதான்... கடைக்காரன் சொல்லிட்டானா?... டாக்டரம்மாகிட்டதான் போறேன்... நீ போதும்னு சொல்லிருவ, எனக்குப் போதாது... உனக்காகத்தான்டி போறேன். எனக்காக இல்ல, உனக்காக!... ஏய், எதுக்கு அழுகுற?... பவுனு... யாரு சாகப் போறா? அது ஒரு சின்னத் தலைவலி... மூக்குக்கிட்டக் கை வெச்சா? எப்ப?... தெனமுமா?... தூங்காம அதையா பாத்துக்கிட்டு இருந்த, மூச்சு இருக்கான்னு?... ரெண்டு மாசமா?... என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல... ம்... ம்... இல்ல, கேக்கல... நான் கேக்கலதான்... ம். வைக்கிறேன்.

சார், அடுத்து திருச்சிதான? நிப்பான்ல கொஞ்ச நேரம்? நாற்காலிய ரெண்டு பேராப் புடிச்சா எறக்கிரலாம், வாசல்ல யாரையாவது ஒரு கை கூப்புடுங்க. மதுரைக்குத் திரும்புற வண்டி எந்தப் பிளாட்பாரம்னு மட்டும் கேட்டுச் சொல்லிட்டுப் போங்க.

அவ அழுதான்னு திரும்புறேன்னு நெனச்சுக்கிடாதீங்க. டாக்டரம்மா ரெண்டு பேரையும் வரச் சொல்லியிருக்குல்ல. ஒத்தையாளாப் போனா பேசாமத் திருப்பி அனுப்பிரும் சார் அது. அதுக்குத்தான்.